அம்சாவின் பசி

அத்தியாயம் 11

போன வாரம் அம்சாவை அடுப்படியில், கையில் கேப்பைக் கூழ் டம்ளரோடு நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள், பாவம். மூட்டுவலிக்காரியை இத்தனை நாள் நிற்கவைத்தது தப்புதான். வாருங்கள், அவளிடம் போவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அம்சாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கோலியனூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் நெல்லும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலையும் போடும் பெரியதம்பியின் மனைவி. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இரண்டு முழங்காலிலும் வலி. போதாததற்கு வயிற்றில் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். ஆனால் இந்த உடம்போடும் இந்தச் சர்க்கரையோடும் கத்தி வைக்க முடியாது, இரண்டையும் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். திண்டிவனத்தில் தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மகள் வெண்ணிலா, “நீ இங்க இருந்தா உருப்பட மாட்டம்மா” என்று அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அது ஆகிறது இரண்டு மாதம்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் கலைப்பிரியாவை முதன்முதலில் பார்க்கப் போன நாள் நினைவிருக்கும். “ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்கம்மா?” என்று அந்தப் பெண் கேட்டதற்கு, “நான் ஒன்னும் அதிகமா துன்றதில்லம்மா” என்றாள் அம்சா. “ஆமாங்க, இவ சாப்ட்டு நானே பாத்ததில்ல” என்று பெரியதம்பியும் சாட்சி சொன்னார்.

இருவருமே பொய் சொல்லவில்லை. அம்சா தட்டு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போன வீடுகளில்தான். அதற்கப்புறம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின், சட்டியில் ஒட்டியது, லீவுக்கு வரும் பேரன் கடித்து வைத்த இட்லி, கணவர் மிச்சம் வைத்த களி, நேற்றைய குழம்பு என்று எல்லாம் நின்ற நிலையிலேயே அவள் வாய்க்குள் போயின. எதுவும் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். அதையெல்லாம் சாப்பாடு என்று அவள் கணக்கில் வைத்ததே இல்லை.

கலைப்பிரியா சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். “உக்காந்து சாப்பிடுங்க. தட்டுல போட்டு, மெதுவா மென்னு சாப்பிடுங்க. நடுவுல நிறுத்தி, பசி அடங்குச்சான்னு உங்க வயித்தையே கேளுங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க. மாசம் ரெண்டு கிலோ குறைஞ்சா தாராளம்.”

வெண்ணிலா அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பள்ளிக்கூடமாக மாற்றிவிட்டாள். அம்மாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவாள். வேகமாக மென்றால் “மெதுவா” என்பாள். கவளம் பெரிதாகத் தெரிந்தால் பேசாமல் பார்ப்பாள். சர்க்கரை டப்பா, வெல்லம், பேரனின் பிஸ்கட் எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டன. திருடன் வீட்டில் இருந்தால் எப்படியோ அப்படி.

அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்சாவின் அக்கா, பெரியம்மா கிருஷ்ணவேணிக்குச் சர்க்கரையில் புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவள் வெண்ணிலாதான். அடுத்த பொங்கலுக்குப் பெரியம்மா இல்லை. அந்தப் பயத்தைத்தான் அவள் அம்மாவின் தட்டுக்கு எதிரே உட்காரவைத்திருந்தாள்.

இன்றைக்கு விழுப்புரம் போய் எடை பார்க்க வேண்டிய நாள்.

* * *

“மாத்திரை போட்டியாம்மா?”

“போடறேன்.”

வெண்ணிலா வந்து எதிரே நின்றாள். அம்சா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்து காட்டு என்று மகள் சொல்லவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

“கூழக் குடி. நான் பொடவ மாத்திக்கினு வந்துடறேன். ஜல்தியா கிளம்பணும், அந்த பஸ்ஸ விட்டா பேஜாரு.”

உள்ளறைக் கதவு சாத்தியதும் அம்சா டம்ளரைப் பார்த்தாள். மோர் விட்டுக் கரைத்த கூழ், மேலே நறுக்கிய சின்ன வெங்காயம். பசி இருந்தது. நேற்று ராத்திரியும் “போதும், வயிறு நிறைஞ்சிட்டுது” என்று ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்டாள்.

முதல் தடவை எடை பார்த்தபோது துளிகூடக் குறையவில்லை. வெண்ணிலா திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்சாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் வரைக்கும் மகள் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்கிற தைரியம் அம்சாவுக்கு இல்லை.

அடுத்த தடவையிலிருந்து எடை குறைய ஆரம்பித்தது. வெண்ணிலா சந்தோஷப்பட்டுக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். சென்னையில் வேலை பார்க்கும் மருமகன் செல்வகுமார் கைதட்டும் படம் அனுப்பினார். ஊரில் பெரியதம்பி அதை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

அம்சா குழாயைத் திறந்துவிட்டு, கூழை ஒரே கவிழ்ப்பாகத் தொட்டியில் கவிழ்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக இன்னொருவர் எச்சிலைக்கூட வீணாக்காமல் தின்ற கை அது. முதல் தடவை கவிழ்த்தபோது அழுதாள். இப்போது பழகிவிட்டது.

“குடிச்சிட்டியா?”

“உம்.”

“மெதுவாத்தான குடிச்ச?”

“மெதுவாத்தாம்மா குடிச்சேன்.”

* * *

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் படி ஏறும்போதே விரல்கள் லேசாக நடுங்கின. போன தடவையும் இப்படித்தான் இருந்தது. எடை பார்த்து முடிந்ததும் வெண்ணிலா வாங்கிக் கொடுத்த இட்லியில் எல்லாம் சரியாகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பஸ்ஸின் பின் டயர் வெடித்தது.

“எல்லாரும் எறங்குங்க. பின்னாடி வர்ற வண்டியில ஏத்தி உடறேன்” என்றார் கண்டக்டர். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நிரம்பி வழிந்துகொண்டு நிற்காமல் போயின. லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. நிழல் என்று சொல்ல ஒரு பெட்டிக்கடையின் தகரக் கூரை மட்டும்தான்.

“நீ இங்கியே நில்லும்மா. கலைப்பிரியா மேடத்துக்கு ஒரு போன் போட்டுட்டு வர்றேன். இந்த எரைச்சல்ல ஒன்னும் கேக்காது” என்று வெண்ணிலா சாலையை விட்டுத் தள்ளிப் போனாள்.

“மேடம், பஸ் நின்னுபோச்சு. வர்றதுக்கு லேட்டாவும்.”

“பரவாயில்ல டீச்சர். அம்மா எப்படி இருக்காங்க? தெம்பா இருக்காங்களா?”

“சூப்பரா இருக்காங்க மேடம். இந்த வாட்டியும் நிச்சயம் கொறைஞ்சிருக்கும். நான் கண்ண எடுக்கவே இல்ல.”

அந்தச் சமயத்தில் அம்சாவுக்கு எதிரே நின்ற லாரி இரண்டாகத் தெரிந்தது. முதுகெல்லாம் வியர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அவளுக்கு இது என்னவென்று தெரியும். முதன்முதலில் பார்க்கப் போன அன்றைக்கு வெண்ணிலா மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தபோது கலைப்பிரியா அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். “இந்த மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும்மா. சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை ரொம்ப இறங்கிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண்ண இருட்டும். அப்ப யோசிக்கவே கூடாது, உடனே இனிப்பு எதையாவது வாயில போட்டுக்கணும்.”

இதை அம்சா மகளிடம் சொல்லவே இல்லை. இனிப்புக்கு வழி பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது?

கடையில் கண்ணாடி ஜாடியில் மல்லாட்டை உருண்டை இருந்தது. வெல்லப்பாகில் பிடித்தது. கடைக்காரியிடம் ஒன்று வாங்கினாள். மேலே சுற்றியிருந்த காகிதத்தைப் பிரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா இது?”

வெண்ணிலா எதிரே நின்றாள். அம்சாவுக்குப் பதில் சொல்லத் தோன்றியது. நாக்குத்தான் புரளவில்லை.

“எனக்கு… ஒரு மாரி…”

“ஒரு மாரியா இன்னா? நான் அந்தாண்ட போனதும் ஒனக்கு உருண்ட கேக்குதா? இத்தினி நாளா இப்படித்தான் துன்னுக்கினு இருக்கியா?”

வெண்ணிலா கையிலிருந்த உருண்டையைப் பிடுங்கினாள். அம்சா விடவில்லை. ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒரு மல்லாட்டை உருண்டைக்காக மகளோடு இழுபறி பண்ணுவதைப் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். உருண்டை மகள் கைக்குப் போனது. அங்கிருந்து சாலையோர மண்ணுக்குப் போனது.

“பெரியம்மா மாரி நீயும் கால வெட்டிக்கணும்னு இருக்கியா? ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு ஒன்ன இழுத்துக்கினு அலையறேனே, எனக்கு இன்னா தலையெழுத்தா?”

“விட்ரும்மா, வயசானவங்க, ஒரு உருண்டைதான” என்றாள் கடைக்காரி.

“சுகர் இருக்குதுங்க. ஒங்களுக்குத் தெரியாது” என்றாள் வெண்ணிலா.

கடைக்காரி ஜாடியை மூடினாள். சுகர் என்றால் இனிப்பு ஆகாது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அம்சாவைத் தவிர அங்கே நின்ற எல்லோருக்கும் அந்தப் பாதி மட்டும்தான் தெரிந்திருந்தது.

அம்சா மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குனிந்து எடுக்கப் பார்த்தாள். வெண்ணிலா அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“நடிக்காதம்மா. பஸ் வந்துட்டுது, ஏறு.”

* * *

சீட்டில் உட்கார்ந்ததும் அம்சா மகளைப் பார்த்து, “அக்கா, நீ எப்ப வந்த?” என்றாள்.

வெண்ணிலா கோபத்தில் இருந்தாள், காதில் வாங்கவில்லை.

“கால் வலிக்குதாக்கா?”

அப்போதுதான் வெண்ணிலா திரும்பினாள். அம்மாவின் முகம் வெளுத்து, நெற்றியிலிருந்து வியர்வை தாடை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. கண்கள் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. வெண்ணிலா கையைத் தொட்டாள், சில்லிட்டிருந்தது.

“யம்மா. யம்மா, இங்க பாரு. நான் வெண்ணிலாம்மா.”

அம்சாவின் தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டு மகளின் மடியில் சாய்ந்தது.

பஸ்ஸில் எல்லோரும் எழுந்துகொண்டார்கள். நெஞ்சுவலி என்றார் ஒருவர், பக்கவாதம் என்றார் இன்னொருவர். யாரோ கலர் சோடா கொடுத்தார்கள். அதில் இனிப்பு இருக்கும் என்று வெண்ணிலா வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, தன் பாட்டிலிலிருந்த தண்ணீரை அம்மாவின் உதட்டில் விட்டாள். அது உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. அந்த நேரத்திலும் அவள் காவலை விடவில்லை. எழுதுகிற எனக்கே கை கூசுகிறது.

டிரைவர் வேறு எங்கும் நிறுத்தவில்லை. முண்டியம்பாக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே வண்டியைத் திருப்பினார்.

* * *

இளவயது டாக்டர். சட்டையில் புகழேந்தி என்று பெயர் குத்தியிருந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த உடனேயே நர்ஸிடம் ஏதோ சொல்ல, கை நரம்பில் ஊசி ஏறியது. குளுக்கோஸ் போனது.

“சார், குளுக்கோஸா? அம்மாவுக்கு சுகர் இருக்குது சார்” என்று வெண்ணிலா கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“தள்ளுங்கம்மா. சர்க்கரை ஏறல, இறங்கியிருக்கு. நாப்பதுகூட இல்ல.”

“எப்படி சார் எறங்கும்? நான் ஒரு துளி இனிப்புகூடக் குடுக்கல.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு பொறுமையாகக் கேட்டார். “காலையில சுகர் மாத்திரை போட்டாங்களா?”

“நின்னு முழுங்க வெச்சேன்.”

“சாப்பாடு?”

“ஒரு டம்ளர் கேப்பைக் கூழு. குடிச்சாங்க சார்.”

“குடிச்சிருந்தா இந்த அளவுக்கு இறங்காதே” என்றார் டாக்டர். “கை நடுங்குது, வேர்க்குதுன்னு எதாவது சொன்னாங்களா? இனிப்பு கேட்டாங்களா?”

பெட்டிக்கடை வாசல் மண்ணில் கிடந்த உருண்டை வெண்ணிலாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்சா கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று பார்த்தாள். மகளைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “எட பாத்துட்டாங்களா?”

வெண்ணிலாவுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. “கூழக் குடிச்சியாம்மா? உண்மையச் சொல்லு.”

“தொட்டியில ஊத்திட்டேன்.”

“ஏம்மா?”

“அரைக் கிலோவாவது கொறைச்சிக் காட்டுமேன்னுதான். கொறையலன்னா ஒன் மூஞ்சி வாடிப்போவுது.”

“போன வாட்டியும் ஊத்தினியா?”

அம்சா கண்ணை மூடிக்கொண்டாள்.

“போன வாட்டியுந்தான். அதுக்கு முந்தின வாட்டியுந்தான்.”

குரூப்பில் போட்ட நம்பர்கள் ஒவ்வொன்றாக வெண்ணிலாவின் நினைவுக்கு வந்தன. ஊரே கைதட்டிய எடை. டீச்சர்கள் அறையில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள். எல்லாமே அம்மா பட்டினி கிடந்து பிடித்துக் கொடுத்தது.

“இனிப்பு துன்னாத்தான் சரியாவும்னு ஒனக்குத் தெரியுமா?”

“அந்தம்மா சொல்லிச்சு.”

“என்னாண்ட ஏன் சொல்லல?”

அம்சா மகளைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

“சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?”

* * *

வெண்ணிலா வராந்தாவுக்கு வந்து கலைப்பிரியாவுக்கு மறுபடியும் போன் செய்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“தப்பு என்மேலயும் இருக்கு டீச்சர். சர்க்கரை இறங்கினா என்ன செய்யணும்னு உங்களையும் உட்கார வெச்சுச் சொல்லியிருக்கணும்” என்றாள் கலைப்பிரியா. “இனிமே அம்மா பையில சர்க்கரை இல்லாம வெளிய அனுப்பாதீங்க. சாப்பாடு குறைஞ்சா மாத்திரையையும் டாக்டர்தான் குறைச்சுத் தரணும், அவரைப் பாருங்க.”

“நீங்க சொன்னபடி மெதுவாத்தான் மேடம் சாப்பிட வெச்சேன். நான் எதிர்லியே உக்காந்து பாத்தேன்.”

“நான் அவங்களைத்தான் கவனிக்கச் சொன்னேன். இப்ப பசிக்குதா, இப்ப போதுமான்னு அவங்களே அவங்க வயித்தக் கேட்டுப் பழகணும். இத்தன வருஷம் அடுத்தவங்க தட்டப் பாத்தே சாப்பிட்டவங்க. இப்ப உங்க முகத்தப் பாத்துச் சாப்பிடறாங்க. ரெண்டும் ஒன்னுதான் டீச்சர்.”

போனை வைத்த பிறகும் வெண்ணிலா அங்கேயே நின்றாள். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தனக்கு அது விழும்போது இப்படி வலிக்கும் என்று தெரியாது.

பெரியதம்பி கோலியனூரிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார். காலில் வயல் சேறு காயாமல் இருந்தது. மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து மகளிடம் பேசினார்.

“வெயிட்டு கொறைக்கிறேன்னு சொல்லிக்கினு ஒங்கம்மாவப் பட்டினி போட்டுட்டியே. போதும் ஒன் வைத்தியம். காலையில நான் வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன்.”

“அங்க வந்து இன்னாப்பா பண்ணுவாங்க? மறுபடியும் நீ வெச்ச மிச்சத்தயெல்லாம் நின்னுக்கினே துன்னணுமா?”

“நான் எப்ப துன்னச் சொன்னேன்?”

“நீ சொல்லவே இல்ல. அதான். ஒரு நாளாவது ‘நீயும் உக்காரு அம்சா’ன்னு சொல்லியிருக்கியா? அவங்க சாப்ட்டுப் பாத்ததே இல்லன்னு மேடத்தாண்ட பெருமையா சொன்னியே.”

பெரியதம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் சோறு இருக்கும்வரை பொண்டாட்டி சாப்பிட்டிருப்பாள் என்று நம்பிவிட்ட மனிதர். அப்படிப்பட்டவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

“நீ மட்டும் பெருசா பாத்துட்ட” என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

“ஆமாம்ப்பா. நான் பாத்தேன்” என்றாள் வெண்ணிலா. “பாத்துக்கினே இருந்தேன்.”

* * *

சாயங்காலம் டாக்டர் புகழேந்தி வந்தார். மாத்திரையின் வேகம் உடம்பில் இன்னும் இருக்கிறது, மறுபடியும் இறங்கலாம், அதனால் நாளைக்குக் காலை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றார்.

“ஆபரேஷன் சார்?” என்று கேட்டாள் வெண்ணிலா.

“அதை உங்க டாக்டர்தான் சொல்லணும். என்கிட்ட கேட்டா, இப்போதைக்குத் தள்ளிப்போடத்தான் சொல்வேன். பட்டினியில குறைஞ்ச எடை நிக்காதும்மா. மறுபடியும் ஏறும். முதல்ல இருந்து, நிதானமா ஆரம்பிக்கணும்.”

இரண்டு மாதம் வீண். குடலிறக்கம் வயிற்றில் அப்படியே இருக்கிறது. எப்போது அடைத்துக்கொண்டு உயிருக்கு ஆபத்தாகும் என்று சொல்ல முடியாது என்று விழுப்புரத்து டாக்டர் சொன்னதும் அப்படியே இருக்கிறது.

“காலையில யார் வீட்டுக்குப் போறாங்க? சாப்பாடு, மாத்திரை பத்தி அவங்ககிட்ட நான் பேசணும்” என்றார் டாக்டர்.

“எங்க வீட்டுக்குத்தான்” என்றார் பெரியதம்பி.

“என்னோடதான் சார்” என்றாள் வெண்ணிலா.

டாக்டர் அம்சாவின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா.”

அம்சாவிடம் இப்படி ஒருவர் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. புருஷனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ஒரு வீட்டில் அவளுக்கென்று தட்டு கிடையாது. இன்னொரு வீட்டில் தட்டு உண்டு, அதற்கு எதிரே ஒரு நாற்காலியும் உண்டு.

“காலையில சொல்றேங்க” என்றாள்.

பெரியதம்பி வெளியே போய் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். கேன்டீனில் தட்டு ஒன்றும் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதை மனைவியின் மடியில் வைத்தார். வைத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெண்ணிலா இட்லியைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“எத்தினி வேணுமோ துன்னும்மா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

அம்சா ஒரு விள்ளல் பிய்த்தாள். சட்னியில் தொட்டாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் மகளை ஒரு பார்வை பார்த்தாள். விள்ளலைப் பாதியாக்கினாள். பாதியைத் தட்டில் வைத்தாள். கையிலிருந்த பாதியையும் வைத்துவிட்டாள்.

“இன்னாம்மா, நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருக்கும்.”

“பசிக்கலியா?”

அம்சா சட்னி பட்ட விரலைத் தட்டின் ஓரத்தில் துடைத்தாள்.

“நீ கொஞ்சம் வெளிய போறியாம்மா?” என்றாள். “கோச்சிக்காத. நீ பாத்துக்கினு இருந்தா எனக்குப் பசிக்குதா இல்லியான்னே தெரிய மாட்டேங்குது.”

வெண்ணிலா எழுந்தாள். ஸ்டூலைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், இந்த இரண்டு மாதமும் பயத்தில் ராத்திரி தூங்கவில்லை என்று சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அம்மா தட்டை வைத்துவிட்டுத் தன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று தெரிந்தது. பேசாமல் வெளியே வந்தாள்.

வராந்தாவில் வார்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முகத்தைத் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது.

பெரியதம்பி தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

“சாப்டாளா?”

“தெரியலப்பா.”

“இன்னா தெரியலன்ற? இரு, நான் பாக்கறேன்” என்று அவர் வார்டு வாசலில் எட்டிப் பார்க்கப் போனார்.

வெண்ணிலா அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பாக்காதப்பா” என்றாள்.